ஐந்து கிராம்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
எவர்சில்வர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஞாயிற்றுக்கிழமை. பத்துப் பெண்கள். ஐந்து பாய்.
சொல்லிக்கொடுக்கிற ஜெசிந்தா தேவகோட்டைக்காரி,
அறையில் எல்லோருக்கும் இளையவள்.

"பிசையாதீங்க. நீவாதீங்க. எண்ணெய் கிடையாது.
வலிக்கிற இடத்துக்குக் கீழே கை இருக்கணும்.
இருக்கிறது தெரியணும், அவ்வளவுதான்.
ஐந்து கிராம் அழுத்தம் போதும்."

சிரித்தார்கள். ஐந்து கிராமை யார் கண்டது?

நான் கண்டிருக்கிறேன்.
அரைப் பவுன், மேலே ஒரு கிராம்.
கொலுசு தவிர எல்லாவற்றையும்
இந்த உள்ளங்கை எடை போட்டிருக்கிறது,
இருபத்திரண்டு வருடமாக, நகைக்கடன் கவுண்டரில்.
உரைகல். அமிலம். தராசு.
கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது போக நிகர எடை.

குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்ததும் அங்கேதான்.
டாக்டர் மாட்டிவிட்ட பட்டையைப் பார்த்து
கானாடுகாத்தானிலிருந்து வருகிற ஆச்சி கேட்டார்:
"அட்டிகை எத்தனை பவுன், மேடம்?"

முதல் இரண்டு வாரமும் ஜெசிந்தா என் மணிக்கட்டைத் தட்டினாள்.
"மதிப்புப் போடாதீங்கக்கா."
என் வேலை என்னவென்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் வாரம் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தாள்.
எனக்கு வந்தது: பஞ்சவர்ணம், கோட்டையூர்.

முகம் நினைவில்லை.
பெயர் இருந்தது. ஏலப் பட்டியலில் பதினேழாவது வரி.
எடையும் இருந்தது. இருபத்தாறு கிராம் நானூறு மில்லி.
எனக்கு முகங்கள் தங்குவதில்லை.

பலகாரக் கடையில் முறுக்குப் பிழிகிறாளாம்.
வலது தோள் தூக்க முடியவில்லை,
ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகிறது என்றாள்.
படுத்தாள். கண்ணை மூடினாள்.
பிடரிக்குக் கீழே இரண்டு கையையும் நுழைத்தேன்.
விரல் நுனியில் ஒரு கயிறு தட்டியது.
பருத்தி. மஞ்சள் ஏறியது. எடை இல்லை.

ஜெசிந்தா நடந்துகொண்டே சொன்னாள்:
"ஆத்தங்குடிக் கல்லு ஊத்துறதைப் பார்த்திருப்பீங்க.
பூ கண்ணாடிப் பக்கமா கீழே இருக்கும்.
அவசரப்பட்டு உரிச்சா பூவும் போச்சு, கல்லும் போச்சு."

கீழே யாரோ குடத்துக்கு விலை பேசினார்கள்.
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகியது.
என் கைக்கு வேறு வேலை தெரியவில்லை, இருந்தது.
எத்தனை நிமிடமோ.
அப்புறம் அவள் கழுத்துக்குள் ஏதோ
தானாக இறங்கி என் விரல்மேல் உட்கார்ந்தது,
ஊறிய மாவு ஓரத்தில் லேசாகச் சரிவதுபோல.

கண் திறக்காமலே சொன்னாள்:
"அன்னைக்கும் இப்பிடித்தான் பதனமாக் கழட்டினீக."

கொக்கி இறுகியிருந்தது அன்று.
அவளுக்குக் கை பின்னால் எட்டவில்லை. அந்தத் தோள்.
கவுண்டரைச் சுற்றி வந்து நான்தான் கழற்றினேன்.
ஒரு முடி சிக்கியிருந்தது. அதை இழுக்காமல் எடுத்தேன்.
பிறகு தராசுக்குப் போய்விட்டேன்.

என்ன சொல்வது?
வட்டி விகிதம் என் கையில் இல்லை என்றா?
மூன்று நோட்டீஸ் அனுப்பினோம் என்றா?
கையை எடுக்கவும் முடியவில்லை.
தலை முழுக்க என்மேல் இருந்தது.

"மாறுங்க" என்றாள் ஜெசிந்தா.

படுத்தேன்.
எள்ளும் ஓமமும் வாசம் அடிக்கிற இரண்டு கை
என் பிடரியின் கீழ் வந்தது.
வலது கை கொஞ்சம் நடுங்கியது, நின்றது.
பழக்கதோஷம், எடை பார்த்தேன்.
மூன்றா, நாலா, பிடிபடவில்லை.
"கழுத்தை விடுங்கக்கா, நான் பிடிச்சிருக்கேன்ல" என்றாள்.
விட்டேன். பாதிதான்.

கடைசியில் தாள் கொடுத்தார்கள்,
உணர்ந்ததை எழுதச் சொல்லி.
பஞ்சவர்ணம் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள்.
நான் "26.400" என்று எழுதி அடித்தேன்,
வேறு தாள் கேட்டேன்.